நெஞ்சு சுருக்கென்றால் மாரடைப்பா? உடல்நலப் பதற்றம் வளரும் விதமும் தணியும் வழியும்

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது; 17ஆம் தேதி அதிகாலையில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இதயம் நின்று இறந்தபோது, பெங்களூரின் இதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்கு வந்தவர்களின் கூட்டம் சட்டென்று பெருகியது. விவேக்கின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமில்லை என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அந்த அக்டோபரிலேயே முடிவு சொல்லிவிட்டது. ஆனால் முதல் செய்தி சென்ற தூரத்துக்கு இரண்டாவது செய்தி செல்லவில்லை.

இப்படிப்பட்ட மரணச் செய்திகளுக்குப் பிறகு நெஞ்சில் ஒரு குத்தல் வந்தால் யாருக்கும் ஒரு கணம் பகீரென்றுதான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பயம் இரண்டொரு நாளில், அல்லது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததோடு அடங்கிவிடுகிறது. சிலருக்கு மட்டும் அடங்குவதில்லை. ஈ.சி.ஜி. சரியாக இருந்தால் எக்கோ, எக்கோவும் சரியாக இருந்தால் டிரெட்மில் சோதனை, அதுவும் சரியாக இருந்தால் வேறொரு மருத்துவர் என்று பயம் தன் பாதையை நீட்டிக்கொண்டே போகிறது. எல்லாப் பரிசோதனைகளும் நன்றாக இருக்கும்போது பயம் ஏன் குறைவதில்லை என்ற கேள்விக்கு மருத்துவத்திலும் உளவியலிலும் ஓரளவு தெளிவான பதில் உண்டு. பயத்தைத் தணிப்பதற்காகச் செய்கிற செயல்களே பயத்தை வளர்க்கின்றன என்பதுதான் அது. கேட்பதற்கு முரணாகத் தோன்றும் இந்த விடையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எது இயல்பான கவலை, எது கோளாறு

உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுவது நோயாகாது. கவலையே இல்லாதவர் சர்க்கரை நோயைப் பத்து ஆண்டு கழித்துக் கண் மருத்துவமனையில்தான் தெரிந்துகொள்வார். கவலை எந்த அளவில் இருக்கிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது, நாளின் எத்தனை மணி நேரத்தைத் தின்கிறது என்பவற்றைக் கொண்டே கோளாறு வரையறுக்கப்படுகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் வகைப்பாட்டு நூல், முன்பு ஹைப்போகாண்ட்ரியாசிஸ் (நோய் இருப்பதாக ஓயாமல் அஞ்சும் நிலை) என்ற ஒரே பெயரில் இருந்ததை இரண்டாகப் பிரித்தது.

1. நோய்ப் பதற்றக் கோளாறு. உடல் உபாதை இருக்காது, இருந்தாலும் மிகச் சிறியதாக இருக்கும். ஆனால் கடும் நோய் இருக்கிறது அல்லது வரப்போகிறது என்ற எண்ணம் குறைந்தது 6 மாதமாவது மனத்தை ஆக்கிரமித்திருக்கும்.

2. உடல் அறிகுறிக் கோளாறு. வலி, களைப்பு போன்ற தொல்லைகள் கணிசமாகவே இருக்கும். அவற்றைச் சுற்றி எழும் எண்ணமும் பயமும் செலவிடும் நேரமும் அளவை மிஞ்சியிருக்கும்.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி.-11 பழைய பெயரைக் கைவிடாமல், இதை எண்ணச் சுழற்சி நோயான ஓ.சி.டி.யின் உறவினர் வரிசையில் வைத்திருக்கிறது. வகைப்பாட்டு நூல்களுக்குள் இருக்கும் இந்த வேறுபாடு வாசகருக்கு முக்கியமில்லை, ஆனால் ஓ.சி.டி.யோடு சேர்த்ததில் ஒரு நியாயம் உண்டு. பூட்டிய கதவைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பவருக்கும், நாடியைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்ப்பவருக்கும் உள்ளே நடப்பது ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்தப் பதற்றம் உள்ளவர்கள் எல்லாரும் மருத்துவமனையே கதியென்று கிடப்பவர்கள் என்று எண்ணக்கூடாது. நேர் எதிரான ஒரு வகையினரும் உண்டு. மருத்துவமனை இருக்கும் தெருவைத் தவிர்ப்பவர்கள், இரத்தப் பரிசோதனை முடிவு வந்த உறையைப் பிரிக்காமலே வைத்திருப்பவர்கள், புற்றுநோய் என்ற சொல் வந்தாலே தொலைக்காட்சியை அணைப்பவர்கள் ஆகியோருக்கு இருப்பதும் அதே பதற்றம்தான். அவர்களைக் குடும்பத்தார் தைரியசாலிகள் என்று தவறாகக் கணித்துவிடுவதும் உண்டு.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். இவர்கள் நடிப்பதில்லை. விடுப்புக்காகவோ இழப்பீட்டுக்காகவோ நோயைப் பொய்யாகச் சொல்வது வேறு விஷயம். இங்கே வலி உண்மை, படபடப்பு உண்மை, கை மரத்துப்போவதும் உண்மை. அவற்றுக்குக் கொடுக்கப்படும் பொருள்தான் பிழையாகிறது.

உடல் ஒருபோதும் மௌனமாக இருப்பதில்லை

இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. இதயத் துடிப்பை 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை ஆரோக்கியமானவருக்கு மாட்டிப் பார்த்தாலும் இடையிடையே சில துடிப்புகள் நேரத்துக்கு முன்பே வந்துவிடுவது சாதாரணம். அந்தத் துடிப்புக்குப் பின்வரும் சிறு இடைவெளியையும், அதை அடுத்து வரும் பலமான துடிப்பையும்தான் 'நெஞ்சு ஒரு நொடி நின்று மறுபடி அடிச்சுது' என்கிறோம். தூக்கம் குறைந்தாலோ காபி கூடினாலோ கண் இமையும் கெண்டைக்கால் தசையும் துடிக்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசை பிடித்துக்கொண்டால் மூச்சை இழுக்கும்போது ஊசி குத்துவதுபோல் இருக்கும். நாம் 'கேஸ்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் உணர்வுகளுக்குள் அமில எதிர்க்களிப்பு, குடல் இறுக்கம், தசைப்பிடிப்பு எல்லாம் கலந்திருக்கின்றன.

இவற்றில் எத்தனைக்கு உடலில் ஒரு நோய்க் காரணம் கண்டுபிடிக்கப்படுகிறது? அமெரிக்க ஆய்வாளர்கள் குர்ட் கிரோங்கியும் டேவிட் மாங்கெல்ஸ்டார்ஃபும் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு வந்த 1,000 பேரின் மூன்றாண்டு ஆவணங்களைப் புரட்டி, நெஞ்சுவலி, களைப்பு, தலைசுற்றல், தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மை உள்ளிட்ட 14 பொதுவான தொல்லைகளை எடுத்துப் பார்த்தார்கள். திட்டவட்டமான உடல்சார் காரணம் கண்டறியப்பட்டது 16 சதவீதத்தில் மட்டுமே. மீதியெல்லாம் கற்பனை என்று இதற்குப் பொருளில்லை. உடலின் இயல்பான சலனங்கள் பலவற்றுக்கு மருத்துவத்தில் பெயரே கிடையாது என்பதும், அவற்றில் பெரும்பகுதி தானாக வந்து தானாகப் போகும் என்பதும்தான் பொருள்.

பயமே உண்டாக்கும் அறிகுறிகளை இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பயந்தவுடன் அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பு கூடுகிறது, கை வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. மூச்சு நம்மை அறியாமல் வேகமாகிறது. தேவைக்கு மேல் மூச்சை வெளியேற்றும்போது இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதன் விளைவாக உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோன்ற மரப்பு, தலை கிறுகிறுப்பு, நெஞ்சு இறுக்கம், 'மூச்சு முழுசா உள்ளே போகலை' என்ற உணர்வு ஆகியவை வருகின்றன. மாரடைப்பின் அறிகுறிகள் என்று ஒருவர் படித்து வைத்திருக்கும் பட்டியலோடு இவை அச்சொட்டாகப் பொருந்திவிடுவதுதான் வினை.

ஒரு நெறிகட்டி எப்படிப் புற்றுநோயாகிறது

பதற்றம் சுழலும் விதத்தை 1986இல் பிரிட்டனின் பால் சால்கோவ்ஸ்கிஸ், ஹிலரி வார்விக் இருவரும் விளக்கினார்கள். இன்று தரப்படும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். ஓர் எடுத்துக்காட்டாக, முப்பது வயதுக்காரர் ஒருவர் காலையில் முகச்சவரம் செய்யும்போது தாடைக்குக் கீழே பட்டாணி அளவில் ஏதோ விரலில் தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. தூண்டுதல். தட்டுப்பட்டது ஒரு நிணநீர்க் கணு. தாடையின் கீழ் சிறு கணுக்கள் விரலுக்குத் தட்டுப்படுவது ஆரோக்கியமானவர்களிடமும் காணப்படுவதே. அது நேற்றும் அங்கே இருந்திருக்கலாம்.

2. பொருள்கொள்ளல். அவருடைய பெரியப்பா தொண்டைப் புற்றுநோயில் இறந்தவர். 'அவருக்கும் முதலில் இங்கேதான் கட்டி வந்தது' என்ற நினைவு எழுகிறது. கணு என்ற செய்தி கட்டி என்ற செய்தியாக மாறுகிறது.

3. கவனம் குவிதல். அன்று முழுதும் கழுத்தின் அந்த ஓர் அங்குலம்தான் அவருடைய உலகம். விழுங்கும்போது ஏதோ தடுப்பதுபோல் தோன்றுகிறது. பதற்றத்தில் தொண்டைத் தசை இறுகினால் அப்படித்தான் தோன்றும்.

4. சரிபார்த்தல். குளியலறை விளக்கைப் போட்டு, தலையை அண்ணாந்து, இரண்டு பக்கமும் அழுத்தி ஒப்பிட்டுப் பார்க்கிறார். செல்போன் டார்ச்சை வாய்க்குள் காட்டி உள்நாக்கைப் பார்க்கிறார். 'இங்க தொட்டுப் பாரு, உனக்குத் தெரியுதா?' என்று மனைவியின் விரலைப் பிடித்து வைக்கிறார். மாலைக்குள் இருபது, முப்பது முறை நசுக்கப்பட்ட அந்தக் கணு வலிக்கத் தொடங்குகிறது, லேசாக வீங்கவும் செய்கிறது.

காலையில் வலிக்காதது மாலையில் வலிக்கிறது. 'ஒரே நாளில் பெருத்துவிட்டது' என்று அவர் முடிவு கட்டுவதற்கு இதைவிடப் பெரிய சான்று என்ன வேண்டும்? சான்றை உற்பத்தி செய்தது தன் விரல்தான் என்பது அவருக்குத் தெரியாது. இரவு பதினொரு மணிக்கு அவர் தேடுபொறியைத் திறக்கும்போது, அவர் கேட்கப்போவது கேள்வியே அல்ல. தீர்ப்பை உறுதிசெய்யச் சொல்லும் மனு.

ஆறுதல் ஏன் நிலைப்பதில்லை

சிரங்கைச் சொறிவதுபோன்றது இது. சொறியும் நேரத்தில் சுகம், அடுத்த கணம் அரிப்பு கூடுதல். மருத்துவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னதும் பதற்றம் மளமளவென்று இறங்குகிறது. அந்த நிம்மதி இனிமையானது என்பதாலேயே மூளை ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது: பயம் வந்தால் யாரிடமாவது கேட்டால்தான் தீரும். கேட்காமல் விட்டிருந்தாலும் பயம் தானாக இறங்கியிருக்கும் என்பதைக் கற்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த முறை பயம் சீக்கிரம் வருகிறது. ஆறுதலின் ஆயுள் குறைகிறது. முதலில் ஒரு மாதம் தாங்கிய ஸ்கேன் அறிக்கை பிறகு ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. 'அந்த மருத்துவர் அவசரத்தில் பார்த்தாரே', 'ஸ்கேனுக்குப் பிறகு வந்திருந்தால்?' என்ற கேள்விகள் முளைத்துவிடுகின்றன.

இது வெறும் ஊகமில்லை. கடும் நோய்க்கான வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்குச் செய்யப்படும் பரிசோதனைகள் அவர்களுடைய கவலையைக் குறைக்கின்றனவா என்று 14 சோதனை ஆய்வுகளை, மொத்தம் 3,828 நோயாளிகளை, ஒன்றாகத் தொகுத்து அலெக்சாண்ட்ரா ரோல்ஃப், கிறிஸ்டோபர் பர்ட்டன் இருவரும் 2013இல் ஆராய்ந்தார்கள். நோய் குறித்த கவலையிலோ அறிகுறிகளிலோ நீடித்த குறைவு எதுவும் தென்படவில்லை. 'ஒரு ஸ்கேன் எடுத்துட்டா மனசு நிம்மதியாயிடும்' என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து நம்புவது இந்த ஆய்வின்படி பெரும்பாலும் பலிப்பதில்லை.

இணையத் தேடலும் இதே வேலையைச் செய்கிறது, இன்னும் வேகமாக. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட்டும் எரிக் ஹோர்விட்ஸும் 2008இல் இதை ஆராய்ந்தபோது, தலைவலி என்று தேடுபவருக்குக் காபி நிறுத்தியதால் வரும் தலைவலியும் மூளைக் கட்டியும் ஏறத்தாழ ஒரே எடையில் முன்வைக்கப்படுவதைக் கண்டார்கள். நிஜத்தில் முன்னது சர்வசாதாரணம், பின்னது மிக அரிது. ஒரு பக்கம் அரிய நோய்களை எத்தனை விரிவாக எழுதியிருக்கிறது என்பதற்கும் அவை எத்தனை பேருக்கு வருகின்றன என்பதற்கும் தொடர்பே கிடையாது. பயந்தவர் கண்ணுக்கு விரிவே அளவாகத் தெரிகிறது. கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு எண் ஓடிக்கொண்டிருப்பதும், கோவிட் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தலையணைக்கடியில் கிடப்பதும் இதன் புதிய வடிவங்கள்.

எதிர்பார்ப்பு மட்டுமே உடலில் அறிகுறியை உண்டாக்கும் என்பதற்கும் வலுவான சான்று உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பக்கவிளைவு தாங்காமல் நிறுத்திவிட்ட 60 பேரை வைத்து லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வு 2020இல் வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்ததில், ஸ்டாட்டினின்போது அவர்கள் உணர்ந்த தொல்லையில் 90 சதவீதம் போலி மாத்திரையின்போதும் இருந்தது. அவர்கள் உணர்ந்த தசைவலி பொய்யில்லை. அதை வரவழைத்தது பெரும்பாலும் மருந்தின் வேதிப்பொருளாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பேக்கேஜ் பரிசோதனையின் கணக்கு

தமிழ்நாட்டில் இந்தப் பதற்றத்துக்குத் தனியே தீனி போடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பொதுவாகக் குடும்ப மருத்துவரின் பரிந்துரை வேண்டும். இங்கே காலையில் இதய மருத்துவர், மாலையில் நரம்பியல் மருத்துவர் என்று பணம் இருந்தால் யாரையும் நேராகப் பார்க்கலாம். மருத்துவர் சீட்டு இல்லாமலே ஆய்வகத்தில் 'ஃபுல் பாடி செக்கப்' எடுக்கலாம். முன்பு ஒரு குடும்பத்தை மூன்று தலைமுறையாக அறிந்த தெருமுனை மருத்துவர் 'உனக்கு பத்தாம் வகுப்பு பரீட்சையப்பவும் இப்படித்தான் நெஞ்சு வலிச்சுது' என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்த நினைவு இன்று எந்தக் கோப்பிலும் இல்லை. ஒவ்வொரு புதிய மருத்துவரும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

எழுபது, எண்பது அளவீடுகள் கொண்ட பேக்கேஜில் ஒன்றிரண்டாவது தடித்த எழுத்தில் வருவது ஏறத்தாழ உறுதி. காரணம் எளிய கணக்கு.

1. ஓர் அளவீட்டின் 'இயல்பு எல்லை' என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேரின் அளவு விழும் எல்லை. மீதி 5 சதவீதம் பேர் ஆரோக்கியமாக இருந்தும் எல்லைக்கு வெளியே இருப்பார்கள், வரையறையே அப்படி.

2. ஒன்றையொன்று சாராத 20 அளவீடுகளை எடுத்தால், முழு ஆரோக்கியமானவருக்கும் குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு 64 சதவீதம்.

3. அரிய நோயைத் தேடும்போது நல்ல பரிசோதனையும் தவறாகச் சுட்டும். ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோயை, நோயுள்ளவர் எவரையும் விடாமலும் நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தைத் தவறாகவும் சுட்டும் பரிசோதனையால் 10,000 பேரிடம் தேடினால், நோயுள்ள 10 பேரோடு நோயில்லாத ஏறத்தாழ 500 பேரும் மாட்டுவார்கள். அதாவது 'பாசிட்டிவ்' என்று வந்தவர்களில் நூற்றுக்கு இருவருக்குத்தான் நோய்.

ஆகவே அறிகுறியும் மருத்துவர் கருத்தும் இல்லாமல் எடுத்த அறிக்கையில் வரும் தடித்த எழுத்து, பதற்றமுள்ளவருக்குத் தகவலாக வருவதில்லை. ஆறு மாத வேலையாக வருகிறது. வயதுக்கேற்ற இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, பெண்களுக்குக் கருப்பைவாய், மார்பகப் புற்றுநோய்க்கான சோதனைகள் ஆகியவை வேறு. அவை பயன் நிரூபிக்கப்பட்டவை. மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எடுக்கத்தான் வேண்டும்.

பயத்தைக் காசாக்குவது ஆய்வகங்கள் கண்டுபிடித்த தொழிலுமில்லை. விந்து வெளியேறுவதால் உடல் உருக்குலையும் என்ற இளைஞர்களின் பதற்றத்தை மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் தாத் நோய்க்குறி என்று பெயரிட்டுப் பதிவுசெய்தார். சித்த மருத்துவத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு லாட்ஜுகளில் முகாம் போட்டவர்களும், நள்ளிரவுத் தொலைக்காட்சியில் பேசியவர்களும் தமிழ்நாட்டில் அந்தப் பதற்றத்தை வைத்தே பல ஆண்டுகள் பிழைத்தார்கள்.

திடீர் மரணச் செய்திகளை எப்படி எடைபோடுவது

கோவிட்டுக்குப் பிறகு இளைஞர்களின் திடீர் மரணம் பற்றி எழுந்த அச்சத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நேரடியாக ஆராய்ந்தது. 18 முதல் 45 வயது வரை, காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வட்டாரத்தில் வாழும் 2,916 பேரோடு ஒப்பிட்ட அந்த ஆய்வு 2023இல் வெளியானது. தடுப்பூசி திடீர் மரண அபாயத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை இவை: குடும்பத்தில் திடீர் மரணம் நிகழ்ந்திருப்பது, கோவிட்டுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தது, இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிய மது அல்லது போதைப்பொருள், அதே கால அளவில் கடுமையான உடலுழைப்பு.

இந்தப் பட்டியலைப் படிக்கும் இருவகை வாசகர்கள் இருவகையாகப் பயன்பெறலாம். தந்தையோ அண்ணனோ இளவயதில் திடீரென இறந்திருந்தால், ஒருமுறை இதய மருத்துவரைப் பார்த்து அதைச் சொல்வது நியாயமான செயல். அப்படி எதுவும் இல்லாதவர், ஜிம்மில் யாரோ சரிந்து விழும் காணொளியைப் பத்தாவது முறை பார்ப்பதால் அவருடைய அபாயம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை; பயம் மட்டுமே கூடுகிறது.

தள்ளிப்போடக் கூடாதவை

பதற்றம் உள்ளவருக்கும் மாரடைப்பு வரும். எனவே எல்லா அறிகுறியையும் 'மனசுதான்' என்று ஒதுக்குவது ஆபத்து. கீழே உள்ளவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108க்கும் இலங்கையில் 1990க்கும் அழைக்கலாம்.

1. நெஞ்சில் பாரம் வைத்ததுபோன்ற அழுத்தம் சில நிமிடங்களுக்கு மேல் நீடிப்பது. தாடை, தோள், இடது கை என்று பரவுவது. கூடவே குப்பென்று வியர்ப்பது. நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சுவலியையும் விரைவில் காட்ட வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவும் அசதியாகவும் வரலாம்.

2. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் திடீரென வலுவிழப்பது, பேச்சு குழறுவது.

3. வாழ்நாளில் இதுவரை காணாத கடுமையில் நொடியில் தாக்கும் தலைவலி.

சில நாட்களுக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டியவையும் உண்டு: இருமலிலோ மலத்திலோ இரத்தம், முயற்சியின்றி எடை குறைதல், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது மாலைக் காய்ச்சல், வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் கெட்டியான கட்டி. கழுத்துக் கட்டி என்றால் நம் நாட்டில் காசநோயையும் மருத்துவர் எண்ணிப் பார்ப்பார், அது குணப்படுத்தக்கூடியது.

சுழற்சியை உடைக்கும் வழிகள்

இங்கே சொல்லப்படுபவற்றின் நோக்கம், நோய் இல்லை என்று நூறு சதவீத உறுதி பெறுவதன்று. அந்த உறுதி எந்த மனிதருக்கும் கிடைக்காது. உறுதி இல்லாமலே அன்றைய வேலையைப் பார்க்கப் பழகுவதுதான் நோக்கம்.

1. ஒரே மருத்துவர். நம்பிக்கையுள்ள ஒரு பொது மருத்துவரைத் தேர்ந்து, பதற்றம் வரும்போதெல்லாம் ஓடாமல், ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று முன்கூட்டியே நாள் குறித்துச் சந்திப்பது. எந்தப் பரிசோதனை வேண்டும், எது வேண்டாம் என்பதை அவர் முடிவுசெய்யட்டும். நாள் குறித்த சந்திப்பில் பயம் நுழைவுச்சீட்டாக வேண்டியதில்லை.

2. எண்ணிப் பார்ப்பது. ஒரு நாளில் எத்தனை முறை நாடி பிடிக்கிறோம், கணுவைத் தொடுகிறோம், தேடுகிறோம், மனைவியையோ கணவரையோ கேட்கிறோம் என்று சிறு தாளில் கோடு போட்டு வருவது. பலருக்கு இந்த எண்ணிக்கையே முதல் அதிர்ச்சி.

3. தள்ளிப்போடுவது. அடியோடு நிறுத்தச் சொன்னால் யாராலும் முடியாது. தொட்டுப் பார்க்கத் தோன்றும்போது அரை மணி நேரம் தள்ளிப்போட்டு, அந்த அரை மணியில் பதற்றம் என்னவாகிறது என்று கவனிக்கலாம். பெரும்பாலும் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும். அதை நேரில் பார்ப்பதுதான் மருந்து. பிறகு இரண்டு மணி, அரை நாள் என்று நீட்டிக்கொண்டு போக வேண்டும்.

4. கணிப்பை எழுதி வைப்பது. 'இது மூளைக் கட்டி, இரண்டு மாதத்தில் தெரிந்துவிடும்' என்ற எண்ணத்தைத் தேதியோடு எழுதிவிட்டு, அந்தத் தேதியில் திரும்பப் படிப்பது. பழைய பயங்களை மனம் மறந்துவிடும், தாள் மறக்காது.

5. தவிர்த்தவற்றுக்குத் திரும்புவது. இதயம் வேகமாகத் துடிக்கும் என்று மாடிப்படி ஏறுவதை விட்டவர், மருத்துவர் ஒப்புதலோடு, படிப்படியாக ஏறத் தொடங்க வேண்டும். வேகமான துடிப்பு ஆபத்தில்லை என்பதை மூளை படிக்கட்டில்தான் கற்கும், அறிக்கையைப் படித்துக் கற்காது. துக்க வீட்டுக்கும் மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்கவும் போகாமல் இருப்பதற்கும் இதே விதி.

மூன்றாவது வழியைத்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். முதல் ஒரு வாரம் பதற்றம் முன்பைவிடக் கூடும். 'எனக்கு இது ஒத்துவரவில்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். கூடுவது எதிர்பார்க்கப்படுவதுதான் என்று முன்பே தெரிந்திருந்தால் தாக்குப்பிடிப்பது எளிது.

வீட்டார் செய்யக்கூடியது

'ஒண்ணுமில்லைப்பா' என்று பத்தாவது முறை சொல்வதும், 'உனக்கு வேற வேலை இல்ல' என்று எரிந்து விழுவதும் ஒரே அளவுக்குப் பயனற்றவை. முன்னது சுழற்சிக்கு எரிபொருள் ஊற்றுகிறது. பின்னது அவரைத் தனிமையில் தேடுபொறியிடம் அனுப்பிவைக்கிறது. நல்ல நேரம் ஒன்றில் இருவரும் உட்கார்ந்து முன்னேற்பாடாகப் பேசிக்கொள்வது உதவும். 'நீ கேட்கும்போது நான் நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டேன். உனக்குப் பயமாக இருக்கிறது என்று தெரிகிறது, வா, பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம் என்பேன்' என்று ஓர் ஒப்பந்தம். இது கல்நெஞ்சம்போலத் தோன்றலாம். ஆனால் பயத்தை ஏற்றுக்கொண்டு, தீர்ப்பை மட்டும் மறுக்கும் இந்தப் பதில்தான் சிகிச்சையாளர்கள் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுப்பது.

சிகிச்சையில் எது வேலை செய்கிறது

மேலே சொன்ன வழிகளை முறையாக, துணையோடு செய்வதற்குப் பெயர் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி. பிரிட்டனில் பீட்டர் டைரர் குழுவினர் இதயம், நுரையீரல், நரம்பியல், குடல், நாளமில்லாச் சுரப்பி ஆகிய பிரிவுகளுக்கு வந்த நோயாளிகளில் கடும் உடல்நலப் பதற்றம் இருந்த 444 பேரிடம் இதைச் சோதித்து 2014இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 5 முதல் 10 அமர்வுகள்தான். ஓராண்டு முடிவில் பதற்றம் இயல்பு நிலைக்குத் திரும்பியவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம், பெறாதவர்களில் 7 சதவீதம். இரு மடங்கு என்றாலும் எல்லாரையும் முழுமையாகக் குணப்படுத்தும் எண் அல்ல. குறைவுபட்ட பதற்றத்தோடு வாழப் பழகியவர்கள் அதைவிட அதிகம். பயிற்சி பெற்ற செவிலியர்கள் தந்த சிகிச்சை மிக நன்றாகப் பலித்தது என்பதும், இவர்களில் பலர் உண்மையான உடல்நோயும் உடையவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. ஸ்டென்ட் வைத்துக்கொண்டவருக்கு ஒவ்வொரு குத்தலிலும் உயிர் போய் வருவதும் இதே கோளாறின் ஒரு முகம்தான்; அவருக்கு நோய் இருக்கிறது என்பதாலேயே பதற்றத்துக்குச் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது.

மருந்து தேவைப்படுபவர்களுக்கு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் தரப்படுகின்றன; பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் வயிற்றுப்புரட்டல், படபடப்பு போன்றவை வந்து போகலாம். அதைப் புதிய நோயின் அறிகுறி என்று எண்ணி மூன்றாம் நாளே நிறுத்திவிடுவது இந்த நோயாளிகளிடம் அடிக்கடி நேர்வதால், மருத்துவர் முன்கூட்டியே விளக்கிச் சொல்வது அவசியம். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள் அரை மணியில் அமைதி தரும், அதனாலேயே பழக்கமாகிவிடும். பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் தொடர்ந்து வாங்கிச் சாப்பிடுவது ஒரு பிரச்சினையை இரண்டாக்கும்.

சிகிச்சையை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு ஸ்வீடனிலிருந்து ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்று மருத்துவமனைகளில் கண்டறியப்பட்ட 4,129 பேரை 41,290 பேரோடு ஒப்பிட்டு 2023 டிசம்பரில் வெளியான ஆய்வில், அவர்களுடைய இறப்பு விகிதம் 84 சதவீதம் அதிகமாகவும், இறந்த சராசரி வயது ஐந்தாண்டு குறைவாகவும் இருந்தது. தற்கொலையின் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்கு. இதைப் படித்துப் பயப்படும் வாசகர் கவனிக்க வேண்டியது, இவர்கள் மருத்துவமனை வரை வந்த கடுமையான நிலையினர் என்பதையும், தற்கொலை தடுக்கக்கூடியது என்பதையும். பதற்றத்தோடு உயிர்மீது வெறுப்பும் சேர்ந்துவிட்டால் அதை அன்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவில் 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம்; இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்குபவர், வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே 'எனக்கு நெஞ்சுவலி' என்பதோடு 'எனக்கு இந்த வலியைப் பற்றிய பயம் ஆறு மாதமாக விடவில்லை' என்ற வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லலாம். முதல் வாக்கியத்துக்கு ஈ.சி.ஜி. கிடைக்கும். இரண்டாவதையும் சொன்னால்தான் உரிய சிகிச்சைக்கான பரிந்துரை கிடைக்க வழியுண்டு.